சார்பட்டா: ரத்தத்தில் வராத பரம்பரை

பரம்பரை என்ற சொல்லைத் தமிழில் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்க. பரம்பரைச் சொத்து, பரம்பரை வைத்தியர், பரம்பரை வியாதி, ராஜ பரம்பரை. கல்யாணப் பேச்சில் ஒருவர் "நல்ல பரம்பரை" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதியை வாயால் சொல்லாமல் சொல்லும் வழி அது. எல்லா இடத்திலும் ரத்தம்தான். பிறந்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று அவர்கள் சொல்வது குடும்பங்களை இல்லை. ஒரு வாத்தியாரிடம் கற்றவர், அவரிடம் கற்றவர், அவருக்கும் பின்னால் வந்தவர் என்று நீளும் வரிசையை. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு பாக்சிங் கிளப். நாயக்கர், செட்டியார் என்று சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்கலாம். ஆமாம், ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனா அந்தப் பெயருக்குக் கீழே கிளவுஸ் மாட்டியவர்கள் பல சாதிக்காரர்கள், மூன்று மதக்காரர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மீன்பிடித்தவர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் எல்லோரும் அதில் உண்டு. பரம்பரையில் பிறக்க வேண்டாம், போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கர்நாடக இசையில் "சிஷ்ய பரம்பரை" என்று சொல்வார்களே, அதே பொருள். அங்கே அந்த வரிசைக்குள் யார் போய்ச் சேர முடிந்தது என்பது தனிக் கதை.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் வந்தது. அப்போது எழுதப்பட்ட விமர்சனங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றிவந்தன. இரண்டாம் பாதி இழுக்கிறதா? இது திமுக படமா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனா எனக்கு இன்னொன்று தோன்றிக்கொண்டே இருந்தது. "வடசென்னையின் மரபைக் கொண்டாடும் படம்" என்று பாராட்டாத ஆளே இல்லை. எதை மரபு என்கிறது இந்தப் படம்? யாருடையது அது? மூன்றாம் முறை பார்த்தபோது, தலைப்பில் இருக்கும் அந்தச் சொல்லைப் படம் இரண்டு அர்த்தத்திலும் பயன்படுத்துகிறது என்று பட்டது. முதல் பாதியில் வாத்தியார் வரிசை. பிறகு, மெல்ல மெல்ல, ரத்தம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால், வடசென்னையின் மரபு வழக்கமாக எப்படிக் கொண்டாடப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். 2004இல் தொடங்கி ஒவ்வோர் ஆகஸ்டிலும் மெட்ராஸ் டே வருகிறது. 1639 ஆகஸ்ட் 22, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மணல்பரப்பு கைமாறிய நாள் என்று வைத்துக் கொண்டாடுகிறோம். நல்ல விஷயம்தான், அந்தக் கொண்டாட்டத்தால் பலர் தங்கள் தெருவின் பெயருக்கு அர்த்தம் தேட ஆரம்பித்தார்கள். நானும் அந்த நடைகளில் போயிருக்கிறேன். ராயபுரம் என்றால் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். 1856இல் திறந்த ரயில் நிலையம், இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் எழுந்த பார்சிகளின் அக்னி ஆலயம், தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே கோயில். பிறகு தேவாலயங்கள். கொஞ்சம் தெற்கே போனால் ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியர் தேவாலயம். பன்முகக் கலாசாரம் என்றால் இதுதான் என்று ஆளுக்கொரு கட்டடமாகக் காட்டிக்கொண்டு போவார்கள். பார்சிக்கு ஒன்று, ஆர்மீனியருக்கு ஒன்று, வெள்ளைக்காரனுக்கு நாலைந்து.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டடம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமே மரபு கிடைக்கும். மற்றவர்கள், அந்த மரபுக் கட்டடத்தின் முன்னால் ஆட்டோ நிறுத்தி போட்டோவைக் கெடுக்கிறவர்கள். ராயபுரத்துக்குப் பெயர் தந்த ராயப்பர், அதாவது புனித பேதுரு ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு மசூலா படகில் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கம்பெனியின் வியாபாரம் மொத்தமும் அவர்கள் துடுப்பில்தான் நின்றது. ஆனா நடைகளில் கேட்டுப் பாருங்க, கட்டடத்தின் பாணி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் சொல்வார்கள். படகோட்டி ஒரு வரியில் வந்துவிட்டுப் போவான்.

குத்துச்சண்டைக்கோ கட்டடமே கிடையாது. ஒரு திடல், நாலு பக்கமும் தகரம் அடைத்து, நடுவில் மேடை. ஆட்டம் முடிந்தால் பிரித்துவிடுவார்கள். மறுநாள் அங்கே பந்து விளையாடுவார்கள். பட்டியலில் எப்படி ஏறும்?

ரஞ்சித் செய்த முதல் நல்ல காரியம், அந்தப் பிரித்துப்போட்ட தகரத்தை மறுபடி நிறுத்தியது. கலை இயக்குநர் த. ராமலிங்கம் போட்ட அரங்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் மேடையைவிட அதைச் சுற்றியிருக்கும் கூட்டம்தான் சாதனை. கபிலன் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவன். வேலை விட்டதும் ஆட்டம் பார்க்க ஓடுகிறான். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விசில் அடிக்கும் கும்பல் கிடையாது. யாருடைய இடது கை வேகம், யார் எந்த ரவுண்டில் மூச்சு வாங்குவான், எந்தப் பரம்பரைக்காரன் எப்படிக் காலை வைப்பான் என்று அத்தனையும் தெரிந்தவர்கள். எதிரிப் பரம்பரை ஆளின் ஆட்டத்தையும் அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள். சென்னையில் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவருக்கு "ரசிகர்" என்று மரியாதை. ராகம் கண்டுபிடித்தால் இன்னும் மரியாதை. தகரக் கொட்டகையில் குத்தின் பெயரைச் சரியாகச் சொல்பவனுக்கு அந்த மரியாதையைத் தமிழ் சினிமா அதற்கு முன் தந்ததாக எனக்கு நினைவில்லை.

'இறுதிச்சுற்று' (2016) நினைவிருக்கும். அதிலும் சென்னை மீனவக் குப்பம், அதிலும் பாக்சிங். நல்ல படம்தான். ஆனா அதில் மதி என்ற பெண் மண்ணுக்குள் கிடந்த தாது மாதிரி. வெளியிலிருந்து ஒரு கோச் வந்து கண்டெடுத்து, உருக்கி, பதக்கம் ஆக்குகிறார். அவளிடம் இருப்பது கோபமும் வேகமும். அறிவு கோச்சிடம் இருக்கிறது. 'சார்பட்டா'வில் அறிவு உள்ளூரில் இருக்கிறது, ஐம்பது பேரிடம் பரவி இருக்கிறது. கபிலன் எந்தக் கொட்டகையிலும் சேர்ந்து பயிற்சி எடுத்தவன் கிடையாது. அம்மா விடவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். ஏகலைவன் கதைதான், கட்டைவிரல் கேட்காத வாத்தியாரோடு. ஒரு ஊரில் பார்த்தே கற்றுக்கொள்ள முடிகிறது என்றால் அங்கே பார்ப்பதற்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

அப்புறம் கெவின். படத்தில் எல்லோரும் "டாடி" என்று கூப்பிடும் ஆங்கிலோ-இந்தியர். ஜான் விஜய் சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிடுகிறார், அது போகட்டும். தமிழ் சினிமாவில் ஆங்கிலோ-இந்தியர் என்றால் கவுன் போட்ட பெண், குடிகார மாமா, கிறிஸ்துமஸ் டான்ஸ். மரபு விழாக்களில் என்றால் பால் கறி, மஞ்சள் சோறு. இரண்டு இடத்திலும் காட்சிப் பொருள்தான். இங்கே டாடி ரிங் ஓரத்து ஆள். கபிலன் வீட்டில் உரிமையோடு நுழைகிறவர், கபிலனின் அப்பாவைத் தெரிந்தவர், ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் மற்றவர்கள் கேட்கும் ஆள். வடசென்னையின் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போன சமூகம் அது. போகாமல் இருந்த ஒருவர் எந்த உறவின் பலத்தில் இருந்தார் என்பதற்கு டாடி ஒரு பதில்.

இந்த ஆட்டமே வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு கப்பலில் வந்தது. கிளவுஸ், மணி, ரவுண்டுக் கணக்கு எல்லாம் அவர்களுடையது. வடசென்னை அதை வாங்கி, "ரோஷமான குத்துச்சண்டை" என்று பெயர் வைத்து, வாத்தியார், சிஷ்யன், பரம்பரை என்று உள்ளூர்ச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிறகு அந்த ஆங்கிலோ-இந்திய வீரர்களையே எதிர்த்து ஆடியது. கித்தேரி முத்து அப்படி ஒருவரை வென்றதற்குப் பெரியார் அவரை "திராவிட வீரன்" என்று பாராட்டினார் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்ததை எடுத்து அதில் தன் கணக்கையும் தீர்த்துக்கொள்வது. துறைமுக ஊர்களுக்கே உரிய பழக்கம் இது.

இதற்குப் படத்தில் ஒரு உருவம் உண்டு: டான்சிங் ரோஸ். ஷபீர் கல்லரக்கல் செய்த பாத்திரம். படம் வந்த வாரம் ஊரே அவனைப் பற்றித்தான் பேசியது. கையைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, எதிராளியின் குத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி முகத்தைக் காட்டும் அந்த ஆட்டத்தில் தெரிவது நசீம் ஹமீதின் சாயல். ஷெஃபீல்டில், யேமனிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, பிரெண்டன் இங்கிள் என்ற ஐரிஷ்காரரின் ஜிம்மில் வளர்ந்து, 1990களில் உலக சாம்பியன் ஆனவர் ஹமீத். 1970களின் மெட்ராஸ் கதையில் 90களின் ஷெஃபீல்டு எப்படி வரும் என்று கணக்குப் பார்க்கலாம், கால வழுதான். எனக்கு அது பொருந்தியே தெரிகிறது. இரும்பு ஆலை ஊர் ஒன்றில் ஐரிஷ் வாத்தியாரிடம் யேமனியச் சிறுவன் கற்றதும் பரம்பரைதானே, வடசென்னை சொல்லும் அர்த்தத்தில். இன்னொன்றும் கவனியுங்கள். ரோஸ் எதிர்ப் பரம்பரைக்காரன். தோற்கவும் செய்கிறான். ஆனாலும் படம் அவனை வில்லன் ஆக்கவில்லை. ஆட்டம் தெரிந்தவன் என்ற மரியாதையோடு அனுப்பிவைக்கிறது. எதிரியின் திறமையையும் சேர்த்துக் கொண்டாடும் அந்த ஒரு சண்டைக்காகவே இந்தப் படத்தை இன்னும் பத்து வருடம் பார்க்கலாம்.

பரம்பரையின் வடசென்னை அர்த்தம் கதையாகவே மாறும் இடம் ரங்கன் வாத்தியாரின் முடிவு. பசுபதியின் வாழ்நாள் வேடம் இது. இடியாப்பப் பரம்பரையின் வேம்புலியை எதிர்க்க ஆள் வேண்டும். வாத்தியாருக்கு மகன் இருக்கிறான், வெற்றிச்செல்வன். அவனும் ஆடுகிறவன், அப்பா தன்னைச் சொல்வார் என்று காத்திருக்கிறவன். அவர் கபிலனைச் சொல்கிறார். வெற்றியின் முகத்தில் அந்த நிமிஷம் விழும் நிழலைக் கலையரசன் மிக அழகாகச் செய்திருக்கிறார். ரங்கனுக்கு அதில் தயக்கம் இல்லை, தியாகம் செய்கிறோம் என்ற பாவனையும் இல்லை. பரம்பரை ஆடுகிறவனுக்குப் போகும், அவ்வளவுதான். தமிழ் வாழ்க்கையில் கட்சி, கம்பெனி, மடம், சினிமா எல்லாவற்றிலும் நாம் பார்க்கும் வழக்கத்துக்கு நேர் எதிரான காட்சி. திமுகக்காரரான ரங்கனை வைத்து அதைச் சொன்னதில் ரஞ்சித்துக்கு ஒரு குறும்பு இருந்திருக்கலாம். படத்தைத் திமுக படம் என்றவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டினார்கள் என்று தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு மனத்தாங்கல் ஆரம்பிக்கிறது.

கபிலன் யார்? முனிரத்தினத்தின் மகன். முனிரத்தினமும் சார்பட்டாவின் ஆட்டக்காரன், பிறகு அடியாளாகி வெட்டுப்பட்டுச் செத்தவன். இந்த அப்பா படம் முழுக்கக் கூடவே வருகிறார். பயிற்சியே இல்லாதவன் ரிங்கில் ஏறியதும் ஆடுகிறான் என்றால், பார்த்துக் கற்றான் என்ற விளக்கத்தோடு "யார் மகன்!" என்ற விளக்கமும் சேர்ந்தே வருகிறது. பிறகு அவன் கத்தி எடுத்து ஜெயிலுக்குப் போகும்போதும் அதே அப்பாதான் காரணமாக நிற்கிறார். திறமையும் ரத்தம், தப்பும் ரத்தம். வாத்தியார் வரிசை என்று ரங்கன் எழுதியதைத் திரைக்கதை அழித்துக் குடும்ப வரிசையாக எழுதிவிடுகிறது. பரம்பரைப் பெயரில் இருந்த நாயக்கரை வெட்டி "இடியாப்பப் பரம்பரை" என்று மட்டும் வைத்துக்கொண்ட படம், சாதியைப் பெயரிலிருந்து எடுத்த படம், பிறப்பைக் கதையிலிருந்து எடுக்கவில்லை.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. கபிலனைத் தணிகையும் அவன் ஆட்களும் ஒடுக்குவதே பிறப்பை வைத்துத்தான். ரிங்கில் ஜெயித்துக்கொண்டிருப்பவனைக் கலவரம் செய்து நிர்வாணப்படுத்துகிறார்கள். 1976 ஜனவரி 31, திமுக ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி வருகிறது, ரங்கனைப் போலீஸ் கொண்டுபோகிறது, அந்த இருட்டில் இது நடக்கிறது. பிறப்பால் இழிவு செய்யப்பட்டவன் பிறப்பையே பெருமையாகத் திருப்பிக் காட்டுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறில்லை. அம்பேத்கரையும் புத்தரையும் சுவரில் மாட்டிய வீட்டிலிருந்து ஒருவன் சாம்பியனாக வருவது தமிழ்த் திரையில் சாதாரண விஷயமும் இல்லை. என் வருத்தம், கையில் இன்னும் கூர்மையான ஆயுதம் இருந்தது என்பதுதான். யாரும் சேரலாம், யார் மகனானாலும் சரி என்ற ஒரு மரபை அந்த மக்களே உண்டாக்கி வைத்திருந்தார்கள். தணிகை மாதிரி ஆட்களுக்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

படத்துக்கு வெளியே நடந்த சண்டையும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். ராயபுரத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரான அதிமுகவின் டி. ஜெயக்குமார், எம்.ஜி.ஆர். குத்துச்சண்டைக்குச் செய்ததைப் படம் மறைத்துவிட்டது என்று கண்டித்தார். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதும் எம்.ஜி.ஆர். அங்கே இருந்ததும் ஊரறிந்த செய்தி. கதை நடக்கும் காலம் அதற்கு முந்தையது என்பது வேறு விஷயம். ஒரு வாரம் டிவியில் இதுதான் ஓடியது. வளர்த்தது கலைஞரா, எம்.ஜி.ஆரா? தகரக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் வளர்த்திருக்கலாம் என்று அந்த விவாதங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கொண்டாட்டம் என்று ஒன்று ஆரம்பித்ததும் உடனே அதற்கு ஒரு புரவலர் தேவைப்பட்டுவிடுகிறார்.

கொண்டாட்டத்தை நம்பாத ஒரே ஆள் படத்துக்குள்ளேயே இருக்கிறாள். கபிலனின் அம்மா பாக்கியம். ஆட்டம் பார்க்கப் போன மகனைத் துடைப்பத்தால் அடிக்கிறாள். முதல் தடவை பார்க்கும்போது தியேட்டர் சிரிப்புக்கான காட்சி மாதிரி இருக்கும் (தியேட்டரில் வரவில்லை என்பது இன்றும் வருத்தம்). அவள் கணக்கு வேறு. அந்த மேடையில் கைதட்டல் வாங்கிய ஆண்களைப் பிறகு அடியாளாக வைத்துக்கொண்டது யார், வெட்டுப்பட்ட உடம்பை வாங்கிக்கொண்டது யார் வீடு என்று அவளுக்குத் தெரியும். மரபின் வரவுசெலவில் செலவுப் பக்கத்தை அவள்தான் எழுதி வைத்திருக்கிறாள். மாரியம்மாளும் அப்படித்தான். துஷாரா விஜயன் புருஷனைப் பார்த்துக் கத்தும் காட்சி பலருக்குப் பிடித்தது. எனக்கு அதற்குப் பின்னால் அவளுக்குக் காட்சி கொடுக்காமல் விட்டதுதான் தெரிந்தது. இறுதியில் பாக்கியமே மகனை ஆடச் சொல்கிறாள். அவள் மனம் மாறியதைப் படம் வேகமாகக் கடந்துவிடுகிறது. கதாநாயகன் எழுந்திருக்க வேண்டும், நேரமாகிவிட்டது. இருபது வருடமாக ஒரு பெண் பிடித்து வைத்திருந்த நியாயத்துக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

எழுந்திருக்க வைப்பவர் பீடி ராயப்பன், கடற்கரையில் வாழும் பழைய ஆட்டக்காரர். பெயரைக் கவனித்தீர்களா? ஊருக்குப் பெயர் தந்த அதே ராயப்பர், கையில் பீடியோடு. கடலில் இறங்க வைக்கிறார், மணலில் ஓட வைக்கிறார், நண்டு பிடிக்கச் சொல்கிறார். மீனவரின் தினசரி வேலையே பயிற்சியாக மாறும் யோசனை அருமை. ஆனா அது ஒரு பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வடசென்னையின் முக்கால்வாசிக் கதை கடலில் இருக்க, கடல் இந்தப் படத்தில் ஜிம்மாக மட்டும் வருகிறது.

அந்த மணலுக்கும் ஒரு கதை உண்டு. கபிலன் மூட்டை தூக்கும் துறைமுகத்தை 1870களில் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் சுவர் எழுந்ததும், தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகர்ந்துகொண்டிருந்த மணல் அதில் தடுத்து நின்றது. தெற்கே சேர்ந்தது. மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையைக் கடல் தின்றது. வீடும் தெருவும் போன குப்பங்கள் உண்டு. இன்று அந்தப் பக்கம் போனால் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருப்பதும், தூண்டில் வளைவுகளும்தான் கண்ணில் படும். அதே துறைமுகம் வந்ததும் மசூலா படகுக்காரனுக்கும் வேலை போனது. சென்னையின் பெருமை என்று போஸ்டரில் போடும் மெரினாவின் அகலத்தில் ஒரு பங்கு வடசென்னையின் கரை. ராயப்பன் கபிலனை ஓட வைக்கும் மணலைப் பார்க்கும்போது இது ஞாபகம் வராமல் இருக்காது. வடசென்னையின் மரபைக் கொண்டாடும் படத்தில் இது ஒரு வசனமாகவாவது வந்திருக்கலாம் என்று நினைப்பது அதிகப்படியான ஆசையா? வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) நிலம் பறிபோவதைப் பேசியது. அதில் நிலம் இருந்தது, ஆனா ஊர்க்காரனின் கைத்திறன் கத்தியிலேயே போய் முடிந்தது. அன்பு கேரம் ஆடுகிறவன், அந்தப் படத்தில் ஜெயிலுக்குள் கேரம் பலகை ஒரு கொலை முயற்சிக்கான இடம். ஒரு படத்தில் நிலம், இன்னொன்றில் திறமை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் படம் இன்னும் வரவில்லை.

கேரம் என்றதும் காசிமாவைச் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கிய வடசென்னைப் பெண். அப்போது 17 வயது. தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. செய்தி ஒரே மாதிரி இருந்தது: ஆட்டோ ஓட்டுநரின் மகள் சாதனை. தலைப்பு தவறில்லை. வறுமையிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஆச்சரியம், கைதட்டுவோம். உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும், அந்த ஆட்டோ ஓட்டுநர் கேரம் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதும், பக்கத்துப் பிள்ளைகளும் அவரிடம் ஆடக் கற்கிறார்கள் என்பதும். அதே சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991லும் 1995லும் கேரம் உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கிய முதல் கேரம் வீரர். வடசென்னையில் சாயங்காலம் நடந்தால் தெருவுக்குத் தெரு ஒரு கிளப், ஒரு பலகை, அதன் மேல் தொங்கும் ஒரு பல்பு, சுற்றி நின்று காயின் திசையை முன்கூட்டியே சொல்லும் நாலு பேர். சார்பட்டாவின் அந்தக் கூட்டமேதான். காசிமா அங்கிருந்து வந்தவர். அவரை ஆட்டோ ஓட்டுநர் மகள் என்று எழுதிய நிருபர்களில் ஒருவராவது அந்தக் கிளப்புகளில் போய் உட்கார்ந்து, யாரிடம் யார் கற்றார்கள், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போயிருக்கலாம். எத்தனை தலைமுறை வாத்தியார்கள் வருவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. யாராவது காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் இதைச் செய்ய நினைத்தால், நோட்டும் பேனாவுமாக நானும் வருகிறேன்.